சர்ச்சுவில் இரவு தங்கலாமா? மணாலி–லே சாலையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் நான், மனைவி, எட்டு வயது மகள், 64 வயது அப்பா நால்வரும் சொந்தக் காரில் மணாலியிலிருந்து லே போகிறோம். அப்பா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். முதல் நாள் இரவு வழியிலுள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் லே போய்ச் சேருவதாகத் திட்டம். ஆக்சிஜன் கேன் இரண்டு வாங்கியாயிற்று. அது போதுமா? காரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாருக்கும் கணவாய்களை நினைத்துத்தான் பயம். உங்கள் திட்டத்தில் ஆபத்து இருப்பது சர்ச்சுவில்.

வழியில் பாராலாச்சா லா 4,890 மீட்டரை ஒட்டி இருக்கிறது. லாச்சுங் லா 5,000-ஐத் தாண்டும். தங்லங் லா 5,300-க்கு மேல். ('லா' என்றாலே கணவாய்தான், 'பாராலாச்சா லா கணவாய்' என்பது 'நடுசென்டர்' மாதிரி.) காரில் ஏறி, படம் எடுத்து, கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைகனத்தோடு போய்விடும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் தலைகாட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். தூக்கத்தில் மூச்சு சீரில்லாமல் போவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும். ஆகவே பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட, ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் இருப்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மணாலி 2,050 மீட்டர்; சர்ச்சு ஏறத்தாழ 4,300. ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கு மேல் ஏறிவிட்டு, கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் அறுபது சதவீதமே இருக்கிற இடத்தில் அப்பாவைப் படுக்க வைக்கிறீர்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. மலைநோய் முற்றினால் ஒரே நம்பகமான வைத்தியம் கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து இறங்கவே வழியில்லை. தெற்கே திரும்பினால் பாராலாச்சா லாவை ஏறித் தாண்டித்தான் ஜிஸ்பாவுக்குப் போக முடியும். எண்பது கிலோமீட்டருக்கு மேல். வடக்கே போனால் காட்டா லூப்ஸின் 21 கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, நக்கீ லா, லாச்சுங் லா இரண்டையும் கடந்து வந்து சேரும் பாங் என்ற இடம் சர்ச்சுவை விடவும் உயரம். கிண்ணத்தின் அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி. இரவு ஒரு மணிக்கு, இருட்டில், மூச்சுத் திணறுகிறவரை வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவல்ல அது.

முடிந்தால் வழியைத் தலைகீழாக்குங்கள். ஸ்ரீநகர் (1,585 மீட்டர்) வழியாக ஏறுங்கள். சோனாமார்க்கில் ஓர் இரவு, கார்கிலில் ஓர் இரவு, பிறகு லே. கார்கில் 2,700-ஐத் தொடாது, லே 3,500. வழியில் சோஜி லா, நமிகா லா, ஃபோட்டு லா மூன்றுமே 4,100-ஐச் சுற்றியோ அதற்குக் கீழோதான். லேயில் முதல் இரண்டு நாள் எங்கும் போகாமல் இருந்து, ஒரு வாரம் கழித்து மணாலி வழியாகத் திரும்பினால் அதே சர்ச்சு அவ்வளவாக உறுத்தாது, உடம்பு பழகியிருக்கும்.

மணாலி வழியாகத்தான் போக வேண்டுமென்றால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ (3,100–3,200 மீட்டர்) இரண்டு இரவு தங்குங்கள். அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறந்த பிறகு மணாலியிலிருந்து மதியத்துக்குள் அங்கே போய்விடலாம். மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, எங்கும் தங்காமல் லே. பன்னிரண்டு மணி நேர ஓட்டம், முதுகு வலிக்கும். கார் ஓட்ட இன்னொருவர் இல்லாவிட்டால் இந்த யோசனையே வேண்டாம், ஸ்ரீநகர்தான்.

ஆக்சிஜன் கேனை நம்பாதீர்கள். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பழைய நிலைதான். அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) உண்மையில் உதவும்: பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. ஆனால் அது சிறுநீரை அதிகம் கழிக்க வைக்கும் மருந்து. அப்பாவின் பி.பி. மாத்திரையிலும் அதே வகை மருந்து கலந்திருக்கலாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மகளுக்கான அளவு எடையைப் பொறுத்தது. நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். விரல் நுனி மதமதப்பதும் சோடா சப்பென்று இருப்பதும் இந்த மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, பசியின்மை சேர்ந்தால் மலைநோய் என்றே வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறாதீர்கள். சந்தேகம் வந்தால் அப்பாவை ஒரு நேர்கோட்டில், குதிகாலை மற்ற காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் ஈரமாகக் கேட்டால் நுரையீரல். இரண்டுக்குமே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது; சாப்பிடாமல், விளையாடாமல், சிணுங்கிக்கொண்டே இருப்பதுதான் அறிகுறி. 'கார் பயணத்தில் அப்படித்தான்' என்று விட்டுவிடுவது பெற்றோர் செய்யும் வழக்கமான தப்பு.

இனி கார். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் இழுவையை இழக்கும். தங்லங் லாவில் பாதி எஞ்சினோடு ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யை அணைத்து, முதல் இரண்டு கியரிலேயே ஏறுங்கள். இங்கே அடிக்கடி போவது கிளட்ச். வளைவில் இழுக்காதபோது பாதி கிளட்ச்சில் காலை வைத்து உறுமவிடுவதால்தான் தட்டு கருகுகிறது. கருகல் வாசனை வந்தால் ஓரம் கட்டி அரை மணி ஆறவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். உயரத்தில் டயர் அழுத்த அளவி கூடுதலாகக் காட்டும், வெளியே காற்று மெலிந்திருப்பதால். அதிகாலைக் குளிரில் அளந்து, கார் கதவில் ஒட்டியுள்ள அளவுக்குச் சரிசெய்தால் போதும்.

தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பங்க் லேக்கு முன்னால் காரு என்ற ஊரில்தான் என்றே கணக்குப் போடுங்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சமதளத்தில் லிட்டருக்கு 15 தரும் கார் இங்கே 10 தந்தால் பெரிது. சிறிய டேங்க் என்றால் உலோகக் கேனில் பத்து லிட்டர் கூடுதல், மேலே கொஞ்சம் இடம் விட்டு. மேலே போய் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சீறும், மெல்லத் திருகுங்கள்.

பாராலாச்சாவுக்கு முன்னால் ஜிங்ஜிங்பார் பக்கத்தில் பனி உருகிய நீர் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் நாலாக்கள் வரும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறி மேலே பனி உருகிய பிறகு பிற்பகலில் முழங்காலைத் தொடும். பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள். முன்னால் ஒரு வண்டி போவதைப் பார்த்து, தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டினால் நில்லுங்கள். போவதானால் முதல் கியரில், ஒரே வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல். கரையேறியதும் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதியுங்கள். ஈரம் காயாமல் அடுத்த இறக்கத்தில் பிடிக்காது.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்டு எண்ணாவது வேண்டும். தார்ச்சா தாண்டி உப்ஷி வரை பெரும்பகுதி சிக்னலே இருக்காது. எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்ட் மழையில் மண்டி–குலு பகுதியில் மண்சரிவு சகஜம். திரும்பும் விமானமோ அலுவலகமோ குறுக்கே வராதபடி இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.