விருந்து மேசைக்குக் கிண்ணத் தோட்டம்: 12 வாரங்களில் செய்து முடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் மகளின் திருமண வரவேற்பு மாலையில் நடக்கிறது, அதற்கு இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. மொத்தம் 20 மேசைகள். கொய்மலர் அலங்காரத்துக்கு ஆகும் செலவு எங்கள் சக்திக்கு மீறியதாக இருக்கிறது. மேசைக்கு ஒன்றாகச் சிறு கிண்ணங்களில் செடிகளை நட்டு, குட்டித் தோட்டம் போல வைக்கலாமா? எந்தச் செடிகள் ஏற்றவை, எப்போது தொடங்க வேண்டும்?

பதில்: தாராளமாக வைக்கலாம். உங்கள் கையில் இருக்கும் மூன்று மாத அவகாசமே இதற்குப் பெரிய முதல். இந்த வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் செடியில்தான். கிண்ணத்துக்கு நான்கு செடிகள் என்று கொண்டு, வாடினால் மாற்றிவைக்க 5 கிண்ணங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் 100 செடிகள் வேண்டியிருக்கும். அத்தனையையும் கடைசி வாரத்தில் வாங்கினால், மிச்சம் பிடிக்க நினைத்த தொகை அங்கேயே போய்விடும். ஆகவே இந்த வாரமே நன்கு கிளைத்த தாய்ச்செடிகள் பத்துப் பன்னிரண்டை வாங்கி, அவற்றின் நுனித்தண்டுகளை வெட்டி நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

செடிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடத் தண்ணீர்த் தேவையையே முதலில் பாருங்கள். கிராசுலா, செடம், எச்சிவேரியா போன்ற சதைப்பற்றுச் செடிகள் வெளிச்சத்தையும் காய்ந்த மண்ணையும் விரும்புபவை. இலையில் நரம்புகள் வலைபோல் எடுப்பாகத் தெரியும் குட்டைச் செடியான ஃபிட்டோனியாவுக்கோ மண் ஒருநாள் காய்ந்தாலும் இலை தொங்கிவிடும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் நட்டால் ஒன்று அழுகும் அல்லது மற்றொன்று வாடும். வெயில் படும் இடம் உங்களிடம் இருந்தால் முதல் வகையையும், வெளிச்சமான நிழல் மட்டும் இருந்தால் ஃபிட்டோனியா, ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றையும் கொள்ளுங்கள். சிறு குழந்தைகளும் அமரும் மேசை என்பதால் டைஃபென்பாக்கியா, மணி பிளான்ட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் இலைகளிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயில் பட்டால் கடும் எரிச்சலைத் தரும். வெட்டினால் பால் வடியும் யூபோர்பியாக்களும் வேண்டாம்.

சதைப்பற்றுச் செடியின் தண்டை வெட்டியவுடன் நட்டுவிடாதீர்கள். நிழலில் மூன்று முதல் ஐந்து நாள் வைத்தால் வெட்டுவாய் காய்ந்து மெல்லிய தோல் மூடும். அதன்பின் நட்டால் அழுகாமல், இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர்விடும். எச்சிவேரியாவை ஒற்றை இலையிலிருந்தும் வளர்க்க முடியும் என்றாலும், மூன்று மாதத்தில் அது நகத்தளவுக்குத்தான் வந்திருக்கும் என்பதால், கிண்ணத்தின் நடுவில் வைக்கும் எச்சிவேரியாவை மட்டும் வளர்ந்ததாகவே வாங்கிவிடுவது நல்லது. ஃபிட்டோனியாவின் நுனிகளும் ஸ்பைடர் பிளான்டில் தொங்கும் குட்டிகளும் தண்ணீரிலேயே வேர்விடும்.

கிண்ணம் எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் சேரும் தகர டப்பாக்கள், விளிம்பு உடைந்த கோப்பைகள் எல்லாம் உதவும். ஆனால் அடியில் துளை இருக்க வேண்டும். தகர டப்பாவில் ஆணியடித்தால் அடிப்பாகம் நசுங்கும். அதில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிட்டு அடித்தால், உள்ளிருக்கும் பனிக்கட்டி தாங்கிக்கொள்ள, துளை சுத்தமாக விழும். துளைக்குப் பதிலாக அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள், அது தவறு. நுண்ணிய துளைகள் கொண்ட மண், நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுவதும் நிறைந்த பிறகுதான் கீழேயுள்ள கல்லுக்கு விடும். ஆக, கல் போட்டதால் நீர் தேங்கும் பகுதி மேலேறி வேருக்கு இன்னும் அருகில் வருகிறதே தவிர, மண் உலர்வதில்லை. ஆழம் குறைந்த கிண்ணத்தில் இது செடியைக் கொன்றுவிடும்.

15 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. ஆழமும் உள்ள கிண்ணத்துக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் மண்கலவை பிடிக்கும். 25 கிண்ணங்களுக்கு 35 லிட்டர். தென்னைநார்க் கழிவு, பருமணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் ஃபிட்டோனியா வகைகளுக்குப் பொருந்தும். சதைப்பற்றுச் செடிகளுக்குக் கலவையில் பாதி பருமணலாக இருக்கட்டும். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும்.

ஆறாவது வாரத்தில் வேர்பிடித்த செடிகளைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டால், மீதி ஆறு வாரங்களில் அவை ஒன்றோடொன்று இணைந்து தழைத்து, நட்டுவைத்ததுபோல் தெரியாமல் அங்கேயே முளைத்ததுபோல் தோன்றும். இந்தத் தோற்றத்துக்காகவே முன்கூட்டித் தொடங்கச் சொல்கிறேன். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்களின் முகத்தை மறைக்காதபடி, கிண்ணத்தோடு சேர்த்து மொத்த உயரம் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். உங்கள் விழா மாலையில் என்பதால் பத்துமணிப்பூவை நம்ப வேண்டாம். பொழுது சாயும் முன்பே அது கூம்பிவிடும். மங்கிய விளக்கொளியில் கரும்பச்சையும் அடர்சிவப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வெண்ணரம்பு ஓடிய ஃபிட்டோனியாவும், வெள்ளை வரியிட்ட ஸ்பைடர் பிளான்டும், சாம்பல் பூத்த எச்சிவேரியாவும் அந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். மெழுகுவத்தி வைப்பதானால் இலையிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள்.

நான் முதன்முதலாக ஒரு விருந்துக்குத் தயாரித்த கிண்ணங்களில் உரத்தைத் தாராளமாகப் போட்டு, மேல்மண்ணை எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தேன். மேசைக்கு வந்தபோது ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கடுகளவு கருப்பு ஈக்கள் எழுந்து தட்டுகளைச் சுற்றின. விருந்தினர் கையால் விசிறிக்கொண்டே சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஈரமான மட்கில் முட்டையிடும் ஈக்கள் அவை. மேலே ஒரு விரற்கடை கனத்துக்கு உலர்ந்த பருமணலைப் பரப்பி, அடுத்த தண்ணீருக்கு முன் மேல்மண்ணை உலரவிட்டால் அவை பெருகா. கடைசி மூன்று வாரங்கள் உரமே வேண்டாம்.

சதைப்பற்றுச் செடிகளுக்கு விழாவுக்கு மூன்று நாள் முன்பும், மற்றவற்றுக்கு முந்தைய நாள் காலையிலும் கடைசியாகத் தண்ணீர் விடுங்கள். சுடுமண் கிண்ணம் வெளியே வடிவது நின்ற பிறகும் சுவர் வழியாகக் கசியும்; விரிப்பில் வட்டக் கறை படியாமலிருக்க அடியில் தட்டோ தக்கைத் துண்டோ வையுங்கள். நீர் விட்ட கிண்ணம் ஏறக்குறைய 2 கிலோ எடை இருக்கும் என்பதால், ஆழம் குறைந்த அட்டைப் பெட்டிகளில் இடைவெளிக்குக் கசக்கிய தாளைத் திணித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொண்டுசெல்லுங்கள். அரங்கில் குளிர்சாதனக் காற்று நேராக வீசும் மேசைகளுக்குச் சதைப்பற்றுக் கிண்ணங்களையே ஒதுக்குங்கள். அங்கே ஃபிட்டோனியா ஒரு மணி நேரத்தில் துவளக்கூடும்.

விழா முடிந்ததும் கிண்ணங்களை விருந்தினரிடம் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால், எவ்வளவு வெளிச்சம், எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் என்று இரண்டே வரிகள் எழுதிய சீட்டை இப்போதே தயாராக வைத்துவிடுங்கள். அன்றைய பரபரப்பில் அதைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்காது.