எப்போதாவது அணிவதற்கு, அதிகம் செலவழிக்காமல் ஒரு கில்ட் வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் ஸ்காட்லாந்துக்கு வேலைக்கு வந்தவர். உடன் பணிபுரியும் நண்பர் தம் திருமணத்துக்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும், பின்பக்கம் கொசுவம் வைத்த, கட்டம் போட்ட மரபு உடை) அணிந்து வரச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வருடத்துக்கு ஓரிரு முறைதான் உடுத்தப்போவதால், ஐந்நூறு அறுநூறு பவுண்டு செலவழிக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நான் க்ளாஸ்கோவில் வசிக்கிறேன். திருமணங்களுக்கும் நவம்பர் 30 அன்று வரும் புனித ஆண்ட்ரூ நாளுக்கும் கில்ட் அணிகிறேன். என் பரிந்துரை இதுதான்: வாடகைக்கு விடும் கடைகள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய கம்பளிக் கில்ட்டைத் தேடுங்கள். உங்கள் அளவுக்கு அது கிடைக்காவிட்டால் மட்டும் பாலிவிஸ்கோஸ் என்ற கலப்புத் துணியில் புதிதாக வாங்குங்கள். இணையத்தில் முப்பது, நாற்பது பவுண்டுக்கு விற்கப்படும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைக் கில்ட்டை, விலை எவ்வளவு ஆசை காட்டினாலும், விட்டுவிடுங்கள்.

இந்த ஒரு திருமணத்தோடு முடிந்துவிடும் என்றால் வாங்கவே வேண்டியதில்லை. ஏறத்தாழ நூறு பவுண்டுக்குக் கோட்டு, காலுறை, காலணி உட்பட முழு உடையும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஓரிரு முறை வாடகைக்குக் கொடுக்கும் பணத்திலேயே பழைய கம்பளிக் கில்ட் ஒன்று சொந்தமாகிவிடும் என்பதால், தொடர்ந்து அணிய எண்ணம் இருப்பவர் வாங்குவதே மேல்.

கில்ட்டின் விலையைத் தீர்மானிப்பவை துணியும் பின்பக்கக் கொசுவமும்தான். மரபான கில்ட்டுக்கு 8 கெஜம், அதாவது 7 மீட்டருக்குச் சற்று அதிகமான கம்பளித் துணி செல்கிறது. முன்பக்கம் மடிப்பில்லாத தட்டையான பகுதி இரண்டு அடுக்காக வருவதால், மீதி அத்தனையும் பின்பக்கத்தில் கொசுவமாக அடங்க வேண்டும். தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொரு கொசுவத்தையும் இடுப்பை நோக்கிப் போகப்போகக் குறுக்கி, இடுப்பெலும்பு வரை கையால் தைத்து, உள்ளே விறைப்பான கேன்வாஸ் துணி கொடுத்து முடிப்பார். எடின்பரோவிலோ க்ளாஸ்கோவிலோ இப்படித் தைத்து வாங்கினால் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் ஆவதற்கு இந்த உழைப்புதான் காரணம். அந்த விலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

கடையில் ஒரு கில்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல கில்ட்டில் துணி எவ்வளவு மடிந்திருந்தாலும், டார்ட்டன் எனப்படும் வண்ணக் கட்டக்கோலம் வெட்டுப்படாமல் முன்பக்கத்தில் இருப்பதைப் போலவே பின்பக்கத்திலும் தொடரும். குறுக்குக் கோடுகள் ஒரு கொசுவத்திலிருந்து அடுத்ததற்கு ஏறி இறங்காமல் நேராகச் செல்லும். (ஏதேனும் ஒரு கோடு மட்டும் எல்லாக் கொசுவத்திலும் முன்னே வரும்படி தைப்பது ராணுவ வழக்கம், அது குறையல்ல.) பிறகு கீழ் ஓரத்தைப் பாருங்கள். மரபான கில்ட்டின் கீழ் ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்காது. தறியிலேயே நெய்யப்பட்ட துணிக்கரை அப்படியே கீழே இருக்கும். மலிவான கில்ட்டுகளில் கொசுவம் இடுப்பை நோக்கிக் குறுகாது. பல நேரங்களில் தையலே இல்லாமல் வெறும் இஸ்திரி மடிப்பாக இருக்கும். அக்ரிலிக்கில் அந்த மடிப்பு சில மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே கலைந்துவிடுகிறது. திருத்தலாம் என்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துணி இளகிப் பளபளத்துப்போகிறது. இவ்வகைக் கில்ட்டுகளில் பல பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்தில் தைக்கப்படுகின்றன. பேக்பைப் என்ற ஸ்காட்டிய ஊதுகருவியைச் செய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. ஆகவே ஊரைக் குறையாக நினைக்க வேண்டாம். துணியைத்தான் பார்க்க வேண்டும்.

பாலிவிஸ்கோஸ் என்பது பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. வீட்டு இயந்திரத்திலேயே துவைக்கலாம், மடிப்பு நிற்கும், கம்பளி உறுத்தும் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும். யார்க்‌ஷரில் உள்ள மார்ட்டன் மில்ஸ் என்ற நெசவாலை இந்தத் துணியைப் பல டார்ட்டன்களில் நெய்கிறது; அந்தத் துணியில் தைத்தது என்று விற்பவர் சொன்னால் நம்பிக்கையோடு மேலே பேசலாம். 5 கெஜத்தில் தைத்தது எப்போதாவது அணிவதற்குப் போதும். நடக்கும்போது பின்கொசுவம் 8 கெஜத்தில் ஆடும் அளவுக்கு ஆடாது, அவ்வளவுதான்.

இப்போது பழைய கில்ட்டுக்கு வருகிறேன். வாடகைக் கடைகள் தம் சரக்கை அவ்வப்போது கழிக்கின்றன. கடைக்கே போய்க் கேட்டால் காட்டுவார்கள். எடின்பரோவின் கிராஸ்மார்க்கெட்டில் உள்ள, 1840இல் தொடங்கப்பட்ட ஆம்ஸ்ட்ராங்ஸ் போன்ற பழைய உடைக் கடைகளும், நன்கொடையாக வந்த பொருள்களை விற்கும் அறக்கட்டளைக் கடைகளும், ஈபேயும் பார்க்க வேண்டிய இடங்கள்; இணையத்தில் ‘எக்ஸ் ஹையர் கில்ட்’ என்று தேடுங்கள். நூறு முதல் இருநூறு பவுண்டுக்குள் நல்ல கம்பளிக் கில்ட் கிடைக்கும். ஒரு கெஜம் 13 அவுன்சு எடையுள்ள துணி கேய்லி என்ற ஸ்காட்டியக் குழு நடனத்தின் வெக்கைக்கும் குளிருக்கும் பொருந்தும். 16 அவுன்சு இன்னும் அழகாக விழும், ஆனால் கனமானது. வாங்குமுன் கில்ட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, கொசுவங்களை ஒவ்வொன்றாக விரித்து, அந்துப்பூச்சி அரித்த துளை உள்ளதா என்று பாருங்கள். உட்காருமிடத்தில் துணி தேய்ந்து மினுமினுத்தால் வேண்டாம். கில்ட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டும் தோல்வார் வெடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

அளவில்தான் கவனம் வேண்டும். கில்ட் கால்சட்டையைவிட உயரத்தில், தொப்புள் மட்டத்தில் நிற்பதால், கால்சட்டையின் இடுப்பு எண்ணைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது. தொப்புளைச் சுற்றி ஓர் அளவு, இடுப்பின் மிக அகன்ற இடத்தில் ஓர் அளவு, தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை ஓர் அளவு என மூன்றையும் வேறொருவரைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து அளந்தால் நீளம் தவறிவிடும். இடுப்புச் சுற்றளவு ஓரிரண்டு அங்குலம் வேறுபட்டால் தோல்வாரின் பக்கிளை நகர்த்தித் தைத்துச் சரிசெய்யலாம். நீளத்தை அப்படிச் சுருக்க முடியாது. கீழே துணிக்கரை இருப்பதால் மேல்பக்கத்தைப் பிரித்துத்தான் வேலை செய்ய வேண்டும், அதற்கான கூலி கில்ட்டின் விலையையே எட்டிவிடும். எனவே நீளம் பொருந்தாத கில்ட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எந்த டார்ட்டன் என்ற தயக்கம் நம்மவர்களுக்கு இயல்பாகவே வரும். பல டார்ட்டன்கள் ஒவ்வொரு ஸ்காட்டியக் குலத்தின் பெயரில் இருந்தாலும், அந்தக் குலப்பெயர் இல்லாதவர் அணியக்கூடாது என்று சட்டம் ஏதுமில்லை. பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கு உரியது என்ற மரபை மட்டும் மதித்தால் போதும். பிளாக் வாட்ச் எனப்படும் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம் எல்லாரும் அணிவது; எந்தக் கோட்டோடும் இசையும்; பழைய கடைகளிலும் எளிதில் அகப்படும். உங்களை அழைத்தவரிடமே கேட்டுவிடுவதும் நல்லது. இங்கே மணமகனின் வீட்டார் அந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள்.

கில்ட்டில் பை இல்லாததால் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற சிறு பை தேவை. எளிய தோல் ஸ்போரன் போதும். கம்பளிக் காலுறை, முழங்காலுக்குக் கீழே அதைப் பிடித்து நிறுத்தும் பட்டி, நீங்கள் வைத்திருக்கும் கறுப்புக் காலணி ஆகியவற்றோடு உடை நிறைந்துவிடும். கோட்டை மட்டும் தனியாகத் தேட வேண்டும், ஏனெனில் சாதாரண சூட்டுக் கோட்டு நீளமாகத் தொங்கிக் கில்ட்டை மறைத்துவிடும். கில்ட்டுக்கென்றே குட்டையாகத் தைக்கப்படும் ஆர்கைல் கோட்டும் பழையதாகவே கிடைக்கும். காலுறையில் செருகும் ஸ்கீன் டூ என்ற சிறு கத்தியை நான் வைத்துக்கொள்வதில்லை. தேசிய உடையின் அங்கமாக அதை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. உடுத்தும்போது முன்பக்கத் தட்டைப் பகுதியின் திறந்த ஓரம் உங்கள் வலப்பக்கம் வர வேண்டும். கில்ட் ஊசியை மேல் அடுக்கில் மட்டும் குத்துங்கள். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுக் கிழியும்.

அணிந்த பிறகு கம்பளிக் கில்ட்டைத் துவைக்காமல் ஓரிரவு காற்றாட விடுங்கள். பெட்டியில் வைக்குமுன் கொசுவங்களின் கீழ்ப்பகுதியில் நீண்ட தையலாக ஒரு நூலோட்டி, நீளவாக்கில் சுருட்டி வையுங்கள். அடுத்த முறை எடுத்து நூலை உருவினால் மடிப்பு கலையாமல் இருக்கும்.