கணக்கு இடித்தால் எழுதிக் கொடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறிவியல் புனைகதைப் படங்களால் அறிவியலுக்கு ஏதாவது லாபம் உண்டா? (வாசகர், விருதுநகர்)

உண்டு. ராக்கெட் கிளம்பும் முன் பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுகிறார்களே, அது பிரபலமானதே ஒரு சினிமாவால்தான். 1929இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் மௌனப் படம் அது. எண்கள் எழுத்தாகத் திரையில் வந்து விழும். ராக்கெட் ஆய்வின் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த்தே படத்துக்கு ஆலோசகர்.

கேள்வி: சினிமாவில் கம்ப்யூட்டர் மனிதனை எதிர்த்துக் கிளம்புகிறது. நிஜத்திலும் நடக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

1968இல் குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில் ஹால் என்ற கம்ப்யூட்டர் தன்னோடு பயணம் வந்தவர்களையே கொல்லும். அந்த நிதானமான குரல் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் நிஜத்தில் நான் அதிகம் பயப்படுவது, கொடுத்த கணக்கை அப்படியே போட்டுக்கொண்டு போகும் கம்ப்யூட்டருக்குத்தான்.

செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலத்தின் சிறு உந்திகள் எவ்வளவு தள்ளின என்பதைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்தது. வழிகாட்டும் குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். மாதக்கணக்கான பயணத்தில் பிசகு சேர்ந்துகொண்டே போனது. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டரில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை இறங்கி, 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. கணக்கு இடிக்கிறது என்று குழுவில் சிலருக்கு முன்பே தோன்றியிருக்கிறது. முறைப்படி எழுதிக் கொடுக்கவில்லை. என்னை உலுக்குவது அந்த இடம்தான். நமக்கு இதெல்லாம் தெரிவதே, விசாரணை அறிக்கையை நாசா ஒளிக்காமல் வெளியிட்டதால்தான்.

கேள்வி: போன இதழில் யுபிஐயில் பணம் மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தீர்கள். சொந்தக் கதையை இவ்வளவு வெளிப்படையாக எழுதத்தான் வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

எழுதத்தான் வேண்டும். அம்மாவுக்கு இன்சுலின் வாங்கிப் பணம் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, கடையின் ஒலிப்பெட்டி வாயே திறக்கவில்லை. கடைக்காரர் மருந்துப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர்மேல் தப்பில்லை. இப்படி மாட்டுகிறவர்கள் இன்னொரு தடவை பணம் கட்டிவிட்டு, முதலில் போனதைக் கேட்காமலே விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதினேன்.

சரி, விதியையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, கடைக்கு அனுப்பிய பணம் உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும், தனிநபருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பரிவர்த்தனை எண் தெரியும்படி போன் திரையை அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.