சாகோஸ் தீவுகள் யாருக்குச் சொந்தம்? பிரிட்டனும் மொரீஷியஸும் ஏன் சண்டை போடுகின்றன?

2021 அக்டோபரில் ஈழத் தமிழர்கள் வந்த படகு ஒன்று சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டியேகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நானும் இந்தத் தீவை வரைபடத்தில் தேடினேன். மாலத்தீவிலிருந்து தெற்கே சுமார் 500 கி.மீ. போக வேண்டும். அறுபது சொச்சம் குட்டித் தீவுகள், எல்லாம் பவளத் திட்டுகள். டியேகோ கார்சியாதான் பெரியது. நடுவில் காயல், அதைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒல்லியான நிலம். மேலிருந்து பார்த்தால் மணலில் பதிந்த பாதம் மாதிரி இருக்கும்.

சரி, சண்டைக்கு வருவோம். சாகோஸ் மொரீஷியஸோடு சேர்த்து ஆளப்பட்ட பகுதி. 1968-இல் மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965-இல் பிரிட்டன் இதைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. ஈடாகக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. காரணம், அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டும், அதுவும் ஆளில்லாத தீவாக வேண்டும்.

ஆனால் அங்கே ஆள் இருந்தார்கள். தென்னந்தோப்பில் கொப்பரை காயவைத்துப் பிழைத்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள். அவர்களை 'ஒப்பந்தக் கூலிகள்' என்று காகிதத்தில் எழுதி, 1968 முதல் 1973-க்குள் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் லிஸ்பி எலிசே. சாகோஸின் பெரோஸ் பான்ஹோஸ் தீவில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 2018-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய கிரியோல் மொழி வாக்குமூலத்தைக் காணொளியாகப் போட்டுக் காட்டினார்கள். கப்பலில் ஏற்றும்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி. மொரீஷியஸில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அடுத்த ஆண்டே, 'பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும்' என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். ஆனாலும் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை ஆறே.

என்னைக் கேட்டால், இறையாண்மை மொரீஷியஸுக்குத்தான். 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தமும் அதை ஏற்கிறது. அதன்படி டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டு குத்தகையில் பிரிட்டனிடம் இருக்கும். அப்புறம், ஒப்பந்தப்படி மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டியேகோ கார்சியாவில் கிடையாது. அங்கே பிறந்த முதியவர்கள், பேச்சுவார்த்தையில் எங்களை யார் கேட்டார்கள் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.