35 வயதில் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வரையத் தொடங்கலாமா? தாமதமாகப் புகழ்பெற்ற மாங்கா ஓவியர் எவரேனும் உண்டா?

"இந்த வயதில் பொம்மை போட்டுக்கொண்டு" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வயதைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உண்டு: ஷிகெரு மிசுகி. 1922இல் பிறந்து, சகாய்மினாதோ என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக, இன்றைய பப்புவா நியூ கினியாவில் உள்ள ராபவுலுக்கு அனுப்பப்பட்டு, மலேரியாவில் படுத்திருந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். நாடு திரும்பி மீன் விற்றார். தெருவில் படம் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்காரர்களுக்கு வரைந்தார். தொலைக்காட்சி வந்து அந்தத் தொழில் நொடித்துப்போக, வாடகை நூலகங்களுக்கென்றே அச்சான காமிக்ஸ் புத்தகங்களுக்கு வரையத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ உங்கள் வயதுதான். கொதான்ஷா பதிப்பகத்தின் மாங்கா பரிசு கிடைத்தது 1965இல், 43 வயதில். அவருடைய பேய்ச் சிறுவன் கிதாரோ தொலைக்காட்சிக்கு வந்தது 1968இல்.

இதையெல்லாம் முதலில் படித்தபோது, "வரைவது வலது கைதானே" என்று நான் அலட்சியமாக நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். வலது கைக்கு ஒன்றுமில்லையே என்று வரைய உட்கார்ந்தேன். கட்டம் போட ஸ்கேலை வைத்தால், பேனா பட்டதும் அது நழுவியது. அதன்மேல் அகராதியைத் தூக்கி வைத்தேன், தாள் திரும்பிக்கொண்டது. ரப்பரால் அழித்தால் தாள் சுருண்டு கசங்கியது. மைப் புட்டியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி மூடியைத் திருகியதில் லுங்கி முழுவதும் கறுப்பானது. ஆறு கட்டங்களுக்குக் கோடு போட்டு முடிக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. மிசுகியோ, புள்ளி புள்ளியாய் நிரப்பிய காடுகளையும் பழைய வீடுகளையும் சேர்த்து, சொற்பக் கூலிக்குப் பக்கம் பக்கமாக வரைந்து தள்ளியிருக்கிறார்.

மனைவி உதவினார், உதவியாளர்கள் இருந்தார்கள் என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். 1961இல் அவரை மணந்த நுனோஎ அந்த வறுமைக் காலத்திலேயே வரைபணியில் கைகொடுத்தார். உதவியாளர்கள் புகழுக்குப் பின் வந்தவர்கள். போரில் கை இழந்தவரோடு என் மாவுக்கட்டை நான் ஒப்பிடவும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், இரவு விழிக்காதவன் ஓவியனே அல்லன் என்பார் தலைமை ஓவியர். ஏழு மணி நேரம் தூங்குகிறேன் என்பதற்காகப் பத்துப் பேர் முன்னிலையில் என்னைச் சோம்பேறி என்றார். புகழ்பெற்ற மாங்கா ஓவியர்களான ஒசாமு தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் தூங்காமல் வரைவதைப் பற்றிப் பேச, தாம் மட்டும் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னதை மிசுகி ஒரு சிறு காமிக்ஸாகவே வரைந்திருக்கிறார். அவ்விருவரும் 60 வயதில் இறந்தனர். மிசுகி 2015இல், 93 வயதில். அந்தக் காமிக்ஸைத் தலைமை ஓவியரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, விடிவதற்குள் எத்தனை பக்கம் முடியும் என்று கேட்டார்.