இலங்கைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றில் தோட்டத்துப் பாட்டுக்கு எந்த இடம்?

தம் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாடல்களை நூலாக வெளியிட விரும்பும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: இலங்கையில் பதிப்புரிமைச் சட்டம் எப்போது வந்தது, எப்படியெல்லாம் மாறியது, இன்றைய சட்டப்படி அந்தப் பாடல்கள் யாருக்குச் சொந்தம்? நான் சட்டத்தரணி அல்லன். மலையகத்தில் ஹற்றன் பக்கத்தில் ஆசிரியராக இருந்துகொண்டு இதே தொகுப்பு வேலையில் நெடுநாளாக ஈடுபட்டிருப்பதால், சட்டத்தைத் தேடிப் படிக்க வேண்டிய தேவை எனக்கும் ஏற்பட்டது. கேள்வியின் மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பேரரசு முழுவதற்குமாக இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் துணையோடு அது இலங்கையிலும் நடைமுறைக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பின்னரும் மாற்றப்படாமல் 1979 வரை நீடித்தது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் என்ற பாதுகாப்புக் காலம் அச்சட்டத்தின் வழியாகத்தான் நமக்கு வந்தது. ஆனால், ஆசிரியர் என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. நாடகம், கூத்து போன்றவற்றின் நடிப்பு முறை எழுத்திலோ வேறு வழியிலோ நிலைப்படுத்தப்பட்டிருந்தால்தான் அது நாடக ஆக்கமாகக் கணிக்கப்பட்டது. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, தப்படித்து, விடிய விடிய ஆடிய ரதி மன்மதன் கதையை அன்றைய கூத்து மாஸ்டர்கள் பெரும்பாலும் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்; எழுதிவைத்த சிலரும் அதை அப்பியாசக் கொப்பி ஒன்றில்தான் எழுதி, மகனுக்கோ மாணவனுக்கோ கைமாற்றிவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டை உண்டாக்கியவர் யார் என்று அந்தச் சட்டம் கேட்டிருந்தால் எந்தத் தோட்டத்திலும் பதில் கிடைத்திருக்காது. ஆகவே மலையகத்தின் வாய்மொழி இலக்கியம் முழுவதும் ஏறத்தாழ 67 ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் படாமலே கிடந்தது.

அச்சில் வந்தவற்றின் நிலை வேறு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தொழிலாளர்களுக்காக எழுதிய பாடல்களும் துண்டு நூல்களும் இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் வெளிவந்தவை. அவர் 1947இல் காலமானார் என்பதால் அந்த 50 ஆண்டுகள் 1997இல் நிறைவடைந்தன.

இந்தப் பழைய சட்டத்தில் இருந்து, பின்னர் நம் சட்டத்தில் இல்லாமல் போன ஓர் ஏற்பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் கடந்த பிறகு, உரிமையாளருக்கு முறைப்படி எழுத்தில் அறிவித்து, விற்பனை விலையில் 10 சதவீதத்தை உரிமைத் தொகையாகச் செலுத்தினால், வெளியான நூலை எவரும் மீண்டும் அச்சிட்டு விற்கலாம் என்று அது அனுமதித்திருந்தது. அது ஏன் நமக்கு முக்கியமாகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவைச் சட்டம்தான் சுதந்திர இலங்கை தானாக இயற்றிய முதல் முழுமையான சட்டம். பதிப்புரிமை, ஆக்கவுரிமை (பேட்டன்ட்), கைத்தொழில் வடிவமைப்பு, வியாபாரக் குறி ஆகிய அனைத்தையும் அது ஒரே கோவைக்குள் கொண்டுவந்தது. வளர்முக நாடுகளுக்கென 1976இல் தூனிஸ் நகரில் உருவான மாதிரிச் சட்டத்தின் செல்வாக்கு அக்காலத்து வரைவுகளில் தெரிகிறது. நாட்டார் வழக்காறு என்ற விடயம் நம் சட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். ஆனால் அந்த மாதிரிச் சட்டம் நாட்டார் படைப்பை வரையறுத்தபோது, அந்நாட்டுப் பிரசைகள் எனக் கருதப்படும் ஆசிரியர்களாலோ இனக் குழுமங்களாலோ அந்நாட்டின் நிலப்பரப்பில் உருவாக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வந்த ஆக்கம் என்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் அங்கும் இங்குமாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் நிலையிலிருந்து அந்த வரையறையைப் படித்துப் பாருங்கள். பாடிய கிழவிக்கே பிரசாவுரிமை இல்லாதபோது அவளுடைய பாட்டு எந்த நாட்டின் மரபு என்ற கேள்வி அன்று கேட்கப்பட்டிருந்தால், பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

அந்தக் கோவை அதன்பின் சில தடவைகள் திருத்தப்பட்டது. அவற்றில் பரவலாகப் பேசப்படுவது கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பளித்த 2000ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் திருத்தம். அதற்குள் இலங்கை அமெரிக்காவுடன் 1991இல் புலமைச் சொத்து உடன்படிக்கை ஒன்றைச் செய்திருந்தது. 1995இல் உலக வர்த்தக நிறுவனத்திலும் உறுப்பு நாடாகிவிட்டது. ஒட்டுப்போட்ட கோவை போதாது, புதிய சட்டமே தேவை என்ற நிலை அவற்றால்தான் ஏற்பட்டது.

இப்படித்தான் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் ஆய்வுக்குச் சென்று, மருந்துகளுக்கான ஆக்கவுரிமை பற்றிய ஏற்பாடுகள் குறித்து நீதிமன்றம் கூறியவற்றுக்கு அமையத் திருத்தப்பட்ட பின்னரே நிறைவேறியது. அதன் இலக்கத்தை ஒருமுறை கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நேர் முந்தியது, அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அது இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம். நம் மக்களுக்கு நாட்டுரிமையை உறுதிசெய்த சட்டமும் நம் பாட்டுக்கு இன்று பொருந்தும் சட்டமும் 2003 நவம்பரில் அடுத்தடுத்த இலக்கங்களோடு சட்டப் புத்தகத்தில் ஏறின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரையப்பட்டவைதான். ஆயினும் இரண்டையும் சேர்த்து வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். ஏனெனில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டார் வழக்காற்றை வரையறுக்கையில் நாட்டுரிமை பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு குழுவைச் சார்ந்து மரபின் அடிப்படையில் உருவாகி, ஒரு சமூகம் தன் பண்பாட்டு அடையாளமாக ஏற்றுக்கொண்டு, வாய்மொழியாகவோ பார்த்துச் செய்வதன் மூலமாகவோ கைமாறி வருவதே போதுமானது. நாட்டார் கதை, கவிதை, விடுகதை, பாடல், ஆடல், நாடகம், கைவினை எல்லாம் அதில் அடங்கும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அச்சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகவோ, அதன் மரபான சூழலுக்கு வெளியிலோ ஒரு நாட்டார் வெளிப்பாட்டைப் பிரதி செய்வது, பொதுமக்களுக்கு வழங்குவது, தழுவுவது, மொழிபெயர்ப்பது ஆகியவற்றுக்கு எதிராக அது பாதுகாக்கப்படுகிறது. அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் தீர்மானிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. அந்தப் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும். சொந்தப் பாவனை, செய்தியில் சிறு பகுதியைக் காட்டுதல், வகுப்பில் நேரடியாகக் கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கோவில் திருவிழாவிலோ காமன் பொட்டலிலோ உங்கள் தோட்டத்தார் ஆடுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஏனெனில் அதுதான் அந்தக் கூத்தின் மரபான சூழல். வீட்டில் பாடும் தாலாட்டுக்கும் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாசலில் வைக்கும் ஒப்பாரிக்கும் அதே விதிதான்.

அனுமதி வழங்கும் அதிகாரம் சமூகத்திடம் இல்லாமல் அரசிடம் இருப்பது எனக்கு உடன்பாடானதல்ல. அந்தக் கூத்தை இருநூறு ஆண்டுகளாகக் காப்பாற்றியவர்கள் தோட்டத்து மக்கள். கட்டணம் எவ்வளவு, பணம் எங்கே போகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு சொல் இருக்க வேண்டும். ஆனாலும் அதே பிரிவில் நமக்கு மிகவும் பயன்படும் ஒரு விதி இருக்கிறது. அச்சிடும் வெளியீடுகளில், அந்த வெளிப்பாடு எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். எங்கள் பகுதியில் பலரும் அறிந்த ஒரு தாலாட்டு வேறொருவரின் பெயரோடு ஒலித்தட்டில் வெளிவந்ததைக் கேட்டபோது, எனக்கு வலித்தது பணம் போனதால் அல்ல, எங்கள் தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லாததால்தான். அந்த வலிக்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இன்னொரு பெரிய மாற்றம் நிகழ்த்துநர் உரிமை. பாடுபவர், வாத்தியம் வாசிப்பவர், நடிப்பவர் ஆகியோருக்கும், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளருக்கும், ஒலிபரப்பு நிறுவனத்துக்கும் பதிப்புரிமையை ஒட்டிய தனி உரிமைகள் தரப்பட்டன. இதன்படி நீங்கள் ஒலிப்பதிவு செய்யும்போது மூன்று தனித்தனி உரிமைகள் ஒரே இடத்தில் சேர்கின்றன. பாட்டு சமூகத்தின் மரபு, அதை அன்று பாடிய குரல் அந்தப் பாட்டியுடையது, பதிவு உங்களுடையது. அவற்றைத் தெரிந்தெடுத்து, வரிசைப்படுத்தி, முன்னுரையும் குறிப்பும் எழுதி நூலாக்கும்போது அந்தத் தொகுப்புமுறைக்கும் உங்கள் எழுத்துக்கும் பதிப்புரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் பாடல்களுக்கு இல்லை. உங்கள் நூல் வந்த பிறகும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் அம்மாவிடம் கேட்டு அதே பாட்டை எழுதி வெளியிட்டால், நீங்கள் அவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

காலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2003இல் ஆயுட்காலத்துக்குப் பின்னான 50 ஆண்டுகள் 70 ஆகின. உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கை 50 ஆண்டுகளையே கோரியது. அதற்கு மேலான 20 ஆண்டுகளை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். தோட்டப் பாடல்களைத் தொகுத்த முன்னோடிகளில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். பழைய கணக்கில் அவருடைய சொந்த எழுத்துகள் 2034இல் பொதுச் சொத்தாகியிருக்கும். இன்றைய கணக்கில் 2054. புகழ்பெற்றவர்களின் உரிமையாளர்களைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரேயொரு சிறு நூலை எழுதிவிட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் குடும்பத்தோடு கப்பலேறி, நீலகிரியிலோ வேறெங்கோ குடியேறிய ஒரு தோட்டத்துக் கவிஞரின் பேரப்பிள்ளைகளை எங்கே தேடுவது? அனுமதி கேட்க ஆளில்லாமல், அனுமதியின்றி அச்சிடவும் வழியில்லாமல், அப்படிப்பட்ட நூல்கள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 10 சதவீத ஏற்பாடு, உரிமைத் தொகையை ஒரு பொது வைப்பில் இடும் வசதியோடு மீண்டும் வர வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான். அடுத்த திருத்தத்தில் மலையகம் கேட்க வேண்டியது எதுவென்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

2003க்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசிக்கத்தக்க வடிவில் நூல்கள் கிடைக்க வகைசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் புவிசார் குறியீடுகளைப் பதிவுசெய்ய வழிவகுத்தது; அது தேயிலை, கறுவா போன்ற பொருள்கள் தொடர்பானது, பாடல்களை அது தொடவில்லை.

நடைமுறைக்கு வந்தால், பதிப்புரிமைக்கு இலங்கையில் பதிவு தேவையில்லை. ஆக்கம் உருவானதுமே உரிமையும் உருவாகிறது. அதனால் பதிவு செய்து தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உரிமை மீறலுக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நட்டஈடு கோரும் வழக்கு என்றால் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். தோட்டத்து மக்களுக்கு அது எளிதல்ல என்பதால், பிணக்கு வராதபடி முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

எனவே ஒவ்வொரு பாடலின் கீழும் தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), பாடியவரின் பெயர், பாடிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். பதிவு செய்வதற்கும் அச்சிடுவதற்கும் சம்மதம் என்று பாடியவரிடம் தமிழில் ஒரு தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெற்று, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கூத்து மாஸ்டரின் கொப்பியிலிருந்து எடுத்தால், கொப்பி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரிசையையும் சேர்த்து எழுதுங்கள். விலை போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால், 24ஆம் பிரிவின் கீழ் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டு, வரும் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.