ஒழுங்கு விசாரணை நோட்டீஸ் வந்தால்: மன்னிப்புக் கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: நான் முதுகலை முதலாண்டு மாணவி. என்னுடைய லேப் ரிப்போர்ட்டும் என் தோழியுடையதும் பல பத்திகளில் ஒன்றுபோல இருப்பதாக ஒழுங்கு அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஏழு நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம், பிறகு குழு முன் ஆஜராக வேண்டுமாம். சமர்ப்பிப்பதற்கு முந்தின இரவு அவள் கேட்டதால் என் ஃபைலை அனுப்பினேன். பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தேன். "மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு, அத்தோடு முடிந்துவிடும்" என்கிறார் ஒரு சீனியர் அக்கா. எழுதிவிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் துறையில் ஒரு சீனியர் மாணவர் சில மாதங்களாக எனக்குத் தகாத மெசேஜ்கள் அனுப்புகிறார். புகார் கொடுக்க நினைத்திருந்தேன். இப்போது கொடுத்தால், என் மேல் நோட்டீஸ் வந்ததால் திசைதிருப்புகிறேன் என்று சொல்வார்களோ? பெயர் தெரியாமல் கொடுக்க வழி உண்டா?

பதில்:

அந்தக் கடிதத்தை இன்றிரவு எழுதாதீர்கள். வருத்தம் தெரிவிப்பதில் தப்பில்லை, நானே பிறகு அதற்கு இடம் சொல்கிறேன். ஆனால் எந்தக் குற்றச்சாட்டுக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. "தெரியாமல் தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்ற ஒரு வரி குழுவின் மேசைக்கு வந்தால், நோட்டீஸில் உள்ள எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவே அதைப் படிப்பார்கள். விசாரணைக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செய்த தவறைவிடப் பெரிய தவறை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்தில் எழுதியவை அவை.

முதலில் நோட்டீஸை மறுபடி படியுங்கள். எந்த விதி, எந்தப் பிரிவு என்று இருக்கிறதா? உங்கள் விஷயத்தில் மூன்று தனித்தனி குற்றச்சாட்டுகள் வரலாம். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டியது ஒன்று. தனியாகச் செய்ய வேண்டியதைச் சேர்ந்து செய்தது இரண்டு. அடுத்தவர் விதி மீற உதவியது மூன்று. நீங்கள் சொல்வது உண்மையானால் முதலாவது உங்களுக்குப் பொருந்தாது, மூன்றாவது பொருந்தக்கூடும். இரண்டுக்கும் தண்டனை ஒன்றாக இருக்காது. பிரிவு எண் இல்லாவிட்டால் உடனே பதில் மெயில் போட்டுக் கேளுங்கள். கூடவே குழுவிடம் இருக்கும் ஆவணங்களையும் கேளுங்கள்: ஒப்பீட்டு அறிக்கை, இரண்டு ரிப்போர்ட்டுகளின் பிரதி, ஆசிரியர் எழுதிய புகார். இவை வரத் தாமதமானால் அவகாசத்தை நீட்டிக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். ஏழு நாள் முடிந்த பிறகு கேட்காதீர்கள், முன்பே கேளுங்கள்.

இப்படிக் கேட்டால் குழுவுக்குக் கோபம் வராதா என்று நினைப்பீர்கள். வராது, வரக்கூடாது. இது போராடிப் பெற்ற உரிமை. 1960-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவகத்தில் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை ஓர் அரசுக் கல்லூரி நீக்கியது. என்ன குற்றம் என்று சொல்லவில்லை, விசாரிக்கவும் இல்லை. மறு ஆண்டு, டிக்சன் வழக்கு என்று இன்றும் குறிப்பிடப்படும் அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்கும் முன் குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். நம் சட்ட மரபில் இதையே இயற்கை நீதி என்கிறோம். உங்கள் மெயிலில் இருக்கும் அந்த ஏழு நாள் யாரும் போட்ட பிச்சை இல்லை.

நடைமுறை பல நாடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசிரியரோ, வார்டனோ, சக மாணவரோ புகார் எழுதுகிறார். ஒழுங்கு அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்து, சொல்லப்பட்டது நடந்திருந்தால் அது விதிமீறலா என்று மட்டும் பார்க்கிறார். ஆம் என்றால் நோட்டீஸ் போகிறது. அதுவரை உங்கள் தரப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆகவே நோட்டீஸைத் தீர்ப்பாக நினைத்து உடைந்துபோகாதீர்கள். பிறகு விளக்கம், விசாரணை, முடிவு, மேல்முறையீடு. சின்ன விஷயங்களில் குழு வரை போகாமல் ஒரே அதிகாரி பேசி முடித்துவிடுவதும் உண்டு.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல். ஒழுங்குக் குழுக்கள் பொதுவாக, நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகமா என்றுதான் பார்க்கின்றன. தராசின் ஒரு தட்டு லேசாக இறங்கினாலே போதும். அதனால் "அவர்களே நிரூபிக்கட்டும்" என்று வாய்மூடி உட்கார்ந்திருப்பது இங்கே உதவாது. உங்கள் தட்டில் நீங்கள் ஏதாவது வைத்தாக வேண்டும்.

எதை வைப்பது? ஒரு விசாரணையில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு கட்டுரைகள், ஒரே நான்கு பத்திகள், யாருடையது அசல் என்று தெரியவில்லை. ஒரு மாணவர் அழுதுகொண்டே "நான்தான் எழுதினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொருவர் லேப்டாப்பைத் திறந்து, அந்த ஃபைலின் திருத்த வரலாற்றைக் காட்டினார். மூன்று இரவுகள், அரைகுறை வாக்கியங்கள், அடித்துத் திருத்திய ஒரு அட்டவணை, நள்ளிரவில் பெயர் தவறாகப் போட்டுக் காலையில் மாற்றிய ஒரு வரைபடம். அதைப் பார்த்த பிறகு குழுவில் யாருக்கும் கேள்வி இருக்கவில்லை. அழுதவரின் ஃபைலிலோ அந்த நான்கு பத்திகளும் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருந்தன. உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும்: கூகுள் டாக்ஸ் வரலாறு, லேப் நோட்டில் கையால் எழுதிய அளவீடுகள், கருவியிலிருந்து வந்த மூலத் தரவு. இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

ஒப்பீட்டு அறிக்கையின் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த மென்பொருள் சொல்வது, இந்த வரிகள் வேறெங்கோ உள்ள வரிகளோடு பொருந்துகின்றன என்பதை மட்டும்தான். லேப் ரிப்போர்ட்டில் செய்முறைப் பகுதி எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது திருட்டா இல்லையா என்பதை மனிதர் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிமுறைகள் ஆய்வேடுகளுக்குப் படிநிலை வைத்திருக்கின்றன: 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. அங்கேகூட மேற்கோளும் பொதுவான சொற்களும் கணக்கில் சேராது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை நம்புவது இன்னும் ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது. அப்படியொரு அறிக்கை மட்டுமே ஆதாரம் என்றால் துணிந்து கேள்வி கேளுங்கள்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், நடந்தது, இணைப்பு. உங்கள் கதை நீங்கள் சொன்னபடியே இருந்தால், நடுப்பகுதி இந்த மாதிரி இருக்கலாம்:

"12-ஆம் தேதி இரவு 10.40-க்கு, அவர் கேட்டதன் பேரில், என் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதிலிருந்து பத்திகளை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எடுத்திருக்கிறார் என்பது இந்த நோட்டீஸ் வந்த பிறகே எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டை நானே எழுதினேன் என்பதற்கு இணைப்பு 1, 2. சமர்ப்பிக்கும் முன் ஃபைலைக் கொடுத்தது விதிக்கு முரண் என்பதை இப்போது உணர்கிறேன். அந்த அளவுக்கு நான் பொறுப்பேற்கிறேன், வருந்துகிறேன்."

வருத்தத்துக்கான இடம் அந்தக் கடைசி வரி. எதற்குப் பொறுப்பு என்று வரையறுத்துச் சொன்ன வருத்தத்தைக் குழு மதிக்கும். முதல் முறை, தானாக ஒப்புக்கொண்டது, மறைக்காதது ஆகியவற்றை வைத்துத்தான் எச்சரிக்கையோடு விடுவதா, மதிப்பெண்ணைக் கழிப்பதா என்று பார்ப்பார்கள்.

தோழியோடு உட்கார்ந்து ஒரே மாதிரி பதில் தயாரிக்காதீர்கள். நட்பை முறிக்கச் சொல்லவில்லை. இரண்டு கடிதங்களிலும் ஒரே வாக்கியம் வந்தால், ஏற்கெனவே ஒரே பத்திகளுக்காக விசாரிக்கப்படும் இருவருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவே அழிக்காதீர்கள், சங்கடமான வரிகள் இருந்தாலும் சரி. சாதாரண விஷயமாக முடிந்திருக்க வேண்டியவை, அழித்தது தெரியவந்ததால் பெரிதாகிப் போனதுண்டு. விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்து வர விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அனுமதி உண்டு, அவர் பேச முடியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பார். குழுவில் இருக்கும் யாராவது புகார் கொடுத்தவராகவோ, உங்களோடு முன்பகை உள்ளவராகவோ இருந்தால் அவரை மாற்றக் கோரலாம்.

இனி இரண்டாவது கேள்வி. உண்மையில் என் மனம் இதில்தான் அதிகம் நிற்கிறது. இத்தனை மாதமாக இதைச் சுமந்துகொண்டு லேப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வெவ்வேறு கோப்புகள். உங்கள் மேல் ஒரு நோட்டீஸ் இருப்பதால் உங்களுக்கு நடந்தது நடக்காததாகிவிடாது. திசைதிருப்புகிறார் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த மெசேஜ்களில் உள்ள தேதிகளே அதற்குப் பதில். அவை நோட்டீஸுக்கு முன்னால் வந்தவை. ஆகவே விளக்கக் கடிதத்தில் இந்த விஷயத்தைக் கலக்காதீர்கள், தனியாக, அதற்குரிய குழுவிடம் கொடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த சீனியருக்கு இந்த ரிப்போர்ட் புகாரில் பங்கு இருந்தால், அதை இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.

தள்ளிப் போடாதீர்கள், காலக்கெடு உண்டு. இந்தியாவில் பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கான யுஜிசியின் 2015 விதிமுறைகளும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்கின்றன. தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. எதிர்த்தரப்புக்கு ஏழு நாளில் நகல் போகும், அவர் பத்து நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்டால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருப்பார்கள்.

பெயர் தெரியாமல் கொடுப்பதும் ரகசியமாகக் கொடுப்பதும் வேறு வேறு, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெயரில்லாப் புகாரை அலுவலகம் வாங்கி வைக்கலாம், ஒரு ஆளைப் பற்றிப் பல புகார்கள் வருகின்றனவா என்று கவனிக்கலாம். ஆனால் உங்களுக்கு வந்த மெசேஜை வைத்து ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால், அது யாருக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாமல் விசாரிக்க முடியாது. பதில் சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு. மேலே உங்களுக்காக நான் வாதாடிய அதே உரிமைதான். ரகசியம் என்பது, குழுவுக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் வெளியே உங்கள் பெயர் போகக் கூடாது என்பது. அதை நீங்கள் வலியுறுத்திக் கேட்கலாம், அந்தச் சட்டமே அடையாளத்தை வெளியிடத் தடை போடுகிறது. நம்பிக்கையான ஆசிரியரிடம் முதலில் பேச நினைத்தால், கேட்டதை மேலே தெரிவிக்கும் கட்டாயம் அவருக்கு உண்டா என்று பேச்சைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கு உண்டு, உளவியல் ஆலோசகர்களுக்குப் பொதுவாக இல்லை.

நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயமும் இருக்கும். போதிய ஆதாரம் தர முடியாமல் போனது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று அதே சட்டம் சொல்கிறது. தெரிந்தே பொய் சொல்வதுதான் குற்றம்.

மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மோசமான வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். எண், தேதி, முன்னும் பின்னும் உள்ள உரையாடல், நீங்கள் "வேண்டாம்" என்று சொன்ன இடம் எல்லாம் இருக்கட்டும். புகாரோடு சேர்த்து இடைக்கால ஏற்பாடும் கேளுங்கள்: அவர் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, லேப் நேரம் மாற வேண்டும். விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புகாருக்குப் பின் யாராவது உங்களை மிரட்டினால், மதிப்பெண்ணில் கைவைத்தால், அது தனிக் குற்றம். அன்றே எழுதித் தெரிவியுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் காவல்துறைக்குப் போங்கள், பல்கலைக்கழக விசாரணை நடப்பது அதற்குத் தடையில்லை.

முடிவுக் கடிதம் கைக்கு வந்ததும் மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள், பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் மறுபடி சொல்லி அழ இடமில்லை. நடைமுறை தவறியது, புது ஆதாரம், தண்டனை மிகை ஆகிய காரணங்களைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் கதவு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் புகார்களைக் கேட்கும் சுயேச்சை நடுவர் அலுவலகத்துக்கு, உள்நடைமுறை முடிந்ததாகக் கடிதம் வந்த 12 மாதத்துக்குள் போகலாம். இந்தியாவில் யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி, மாணவர் குறைதீர்க் குழுவின் முடிவில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இதைப் படித்து முடித்ததும் செய்துவிடுங்கள். நோட்டீஸ், நீங்கள் அனுப்பும் பதில்கள், அந்த மெசேஜ்களின் படங்கள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். சஸ்பெண்ட் ஆனால் பல்கலைக்கழக மெயில் கணக்கையும் முடக்கிவிடும் இடங்கள் உண்டு. அப்போது தேட நேரமும் இருக்காது, வழியும் இருக்காது.